எஸ்டிஏ, எஸ்டிபி வகைப் பெயர்களுக்கு ‘வரிசைப்பெயர்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

லினக்ஸ் தமிழாக்கத்தில் டிரைவ், டிரைவர் இரண்டையுமே ‘இயக்கி’ என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. நிறுவும்போது ‘இயக்கி கிடைக்கவில்லை’ என்று திரையில் வந்தால், வட்டைத் தேடுவதா, அதை ஓட்டும் மென்பொருளைத் தேடுவதா? டிரைவருக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது, தொட வேண்டாம். டிரைவ் வரும் இடத்தில் ‘வட்டு’ போதும். எஸ்எஸ்டிக்குள் வட்டமாக என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: டிஸ்க் என்பதும் அதே கதைதான். பார்ட்டிஷனுக்குப் ‘பிரிவு’. இதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

சிக்கல் டிவைஸ் நேமில்தான், அதாவது லினக்ஸ் வட்டுகளுக்கு வைக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) போன்ற பெயர்களில். ‘சாதனப் பெயர்’ என்ற முன்மொழிவு சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் பெயர் என்றதும் அது மாறாது என்று நம்பிவிடுகிறோம். எஸ்டிஏ என்றால் கெர்னலின் (லினக்ஸின் மையக் கரு) கண்ணில் முதலில் பட்ட வட்டு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பென்டிரைவிலிருந்து நிறுவும்போது அதுவே எஸ்டிஏ ஆகி, உள்ளே இருக்கும் வட்டு எஸ்டிபி ஆகிவிடலாம். வேலை முடிந்து பென்டிரைவைக் கழற்றினால் உள்வட்டு எஸ்டிஏ ஆகிவிடும். ரூட் பிரிவு (லினக்ஸ் இருக்கும் பிரிவு) எது என்று கெர்னலுக்குச் சொல்லும் வரியில் எஸ்டிபி2 (எஸ்டிபியின் இரண்டாம் பிரிவு) என்று எழுதியிருந்தால் தொலைந்தது: கிரப் (கணினியைத் துவக்கும் நிரல்) மெனு ஒழுங்காக வரும், கெர்னலும் ஓடத் தொடங்கும், ரூட் பிரிவு மட்டும் அகப்படாமல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகத் துவக்க அமைப்பின் கட்டளைத் திரையில் போய் நின்றுவிடும். பழைய ஐடிஇ வகை வட்டுகள் எச்டிஏவாக இருந்து, கெர்னலில் லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் தொகுப்பு வந்தபின் எஸ்டிஏ ஆனபோதும் இதே கூத்துதான்.

அதனால்தான் ‘வரிசைப்பெயர்’ என்கிறேன். வரிசை மாறினால் பெயரும் மாறும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) வட்டுகளுக்கும் பொருந்தும். அங்கே எழுத்துக்குப் பதில் எண் வரிசை.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக உள்ள யூயூஐடி (UUID) குறிக்கு ‘அடையாள எண்’ சரிவராது, அதில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வருகின்றன. ‘நிலைக்குறி’ என்று வைக்கலாம். ‘நிலை’ என்பது கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். வட்டின் வரிசை மாறினாலும் அது நிற்கும், ஆனால் ஃபார்மட் செய்தால் போய்விடும். இரண்டாவதாக ஒரு லினக்ஸை நிறுவும்போது அது ஸ்வாப் பிரிவைப் (நினைவகம் போதாதபோது பயன்படும் இடம்) புதிதாக ஃபார்மட் செய்துவிட்டால், முதல் லினக்ஸின் எஃப்எஸ்டேப்பில் (பிரிவுகளைப் பட்டியலிடும் கோப்பு) பழைய குறிதான் கிடக்கும். அப்புறம் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கும் நிரல்) இல்லாத ஸ்வாப்புக்காக 90 நொடி காத்திருக்கும். உதவிப் பக்கத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

பிழைச்செய்தி இப்படி இருக்கலாம்: ‘ரூட் பிரிவு கிடைக்கவில்லை. வரிசைப்பெயர் மாறியிருக்கலாம். பிளக்ஐடி கட்டளை காட்டும் நிலைக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.’

கிரப்பில் வரும் எச்டி0 (hd0, முதல் வட்டு) போன்றவற்றை மட்டும் தமிழாக்க வேண்டாம். பயனர் அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். தவிர, கிரப் 2 வட்டுகளை 0 முதலும் பிரிவுகளை 1 முதலும் எண்ணுகிறது. பழைய கிரப் இரண்டையுமே 0 முதல் எண்ணியது. இதில் ‘முதல் பிரிவு’ என்று நாம் வேறு எழுதினால் கேட்கவே வேண்டாம்.

பூட் (boot) என்பதற்கு என் ஓட்டு ‘துவக்கம்’. ‘கணினி பூட்டாகவில்லை’ என்று படிப்பவர் சாவியைத் தேடப் போய்விடுவார்.

மவுண்ட் (ஒரு பிரிவைக் கோப்பு அடுக்கில் இணைப்பது), லோட் (நினைவகத்தில் ஏற்றுவது) இரண்டுக்கும் ‘ஏற்று’ என்றிருப்பதும் இதே மாதிரி குழப்பம்தான். மவுண்ட்டுக்குப் ‘பொருத்து’ சரிவருமா? மாற்று இருந்தால் சொல்லுங்கள்.