ஜெக் முழுக்க ஏறியும் கெப்பின் பின் சில்லு எழும்பவில்லை, அவசரம்

களுதாவளையான்
அண்ணன்மார், ஒரு அவசர உதவி. டபுள் கெப் பிக்கப் வாகனத்தின் பின் சில்லுகளுக்குப் பிரேக் சூ (பிரேக் கட்டை) மாற்ற வேண்டும், சூ வாங்கி வைத்துவிட்டேன், விடியக் காலையில் இருந்து ஜெக் அடிக்கிறேன். ஜெக் முழுக்க ஏறிவிட்டது, சில்லு நிலத்தை விட்டு ஒரு விரல் கூட எழும்பவில்லை. இரண்டாம் தரம் அடித்தபோது ஜெக் ஒரு பக்கம் சரிந்துகொண்டு வந்தது, பயத்தில் இறக்கிவிட்டேன். திங்கள் வாகனம் வேண்டும். என்ன பிழை?

கல்முனை நானா
தம்பி, ஜெக்கில் எண்ணெய் குறைந்திருக்கும், இல்லாவிட்டால் காற்றுப் பிடித்திருக்கும். மூடியைத் திறந்து ஹைட்ரோலிக் எண்ணெய் விட்டு, பாரம் இல்லாமல் நாலைந்து தரம் ஏற்றி இறக்குங்கள். பிரேக் ஒயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஜெக்கின் சீல் கெட்டுப்போகும்.

பழைய மெக்கானிக்
ஜெக் முழுக்க ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறார், அதை வாசிக்காமல் எண்ணெய் விடச் சொல்கிறீர்கள். நான் 30 வருடம் கராஜில் நின்றவன். எந்த வாகனம், எந்த ஜெக், எந்த இடத்தில் வைத்தது, எந்தத் தரை, ஒன்றும் சொல்லாமல் என்ன பிழை என்று கேட்டால் யார் என்ன சொல்வது? ஜெக் வைக்கத் தெரியாதவர் பிரேக்கில் கை வைக்கக் கூடாது. கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

களுதாவளையான்
மன்னிக்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ், எல்என் 106 மொடல். ஜெக் 2 தொன் போத்தல் ஜெக். பின் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால் சேஸியில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில் வைத்தேன். வீட்டு முற்றம்தான்.

லீப் ஸ்பிரிங்
அதுதான் விசயம். சேஸியில் வைத்துத் தூக்கினால் முதலில் எழும்புவது வாகனத்தின் உடம்பு மட்டும். சேஸியைத் தாங்கும் லீப் ஸ்பிரிங் (பட்டை வில்) மெல்ல மெல்ல விரிந்து கீழே தொங்கும், அக்சிலும் (இரண்டு சில்லையும் இணைக்கும் தண்டு) சில்லும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஸ்பிரிங் முழுக்க விரிந்த பிறகுதான் சில்லு எழும்பும், போத்தல் ஜெக்கின் உயரம் அதற்குள் முடிந்துவிடும். எல்என் 106-க்கு முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டு அக்சில், லீப் ஸ்பிரிங், ஆகவே வேலை சுகம். பின் அக்சில் குழாயின் அடியில், ஸ்பிரிங்கை இறுக்கும் யூ போல்ட்டுக்குப் பக்கத்தில் ஜெக்கை வையுங்கள். அக்சிலோடு பிரேக் குழாய் ஓடுகிறது, அதை நசுக்காமல் பார்த்து வையுங்கள். ஜெக்கை நாலைந்து தரம் அடித்ததும் சில்லு எழும்பும். சில்லு நட்டுகளை அதற்கு முன்பே, சில்லு நிலத்தில் இருக்கும்போது அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால் வாகனம் ஆடும்.

வாழைச்சேனை டீச்சர்
களுதாவளை கடற்கரை ஊர், முற்றம் மணல்தானே தம்பி? போத்தல் ஜெக்கின் அடி ஒரு உள்ளங்கை அளவு. முழுப் பாரமும் அந்த இடத்தில் இறங்கினால் மணலுக்குள் புதையும், ஒரு பக்கம் கூடப் புதைந்தால் சரியும். நீங்கள் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன். இன்னொன்று, பின் பெட்டியில் ஏதும் பாரம் இருக்கிறதா?

களுதாவளையான்
ஓம், மணல். அடியில் ஒரு சீமெந்துக் கல் வைத்திருந்தேன். பெட்டியில் 12 மூட்டை நெல் கிடக்கிறது, நேற்று வெல்லாவெளி வயலில் இருந்து பட்டிருப்புப் பாலத்தால் கொண்டுவந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

லீப் ஸ்பிரிங்
மூட்டை 65 கிலோ என்று பார்த்தாலும் 780 கிலோ கா! வெறும் கெப்பே ஒன்றரைத் தொன்னுக்கு மேல். முதல் வேலை நெல்லை இறக்குவது. மறுகாதான் ஜெக்.

கல்முனை நானா
சீமெந்துக் கல்லை உடனே எடுத்து எறியுங்கள் தம்பி. ஓட்டைக் கல் மரம் மாதிரி முதலில் முனகாது, சத்தம் போடாமல் நின்று ஒரே அடியாக நொறுங்கும். என் மாமா மகன் ஒருவர் அக்கரைப்பற்றில் வானுக்கு அடியில் அப்படி வைத்து வேலை செய்தார். கல் நொறுங்கிய நேரம் அவருடைய கை மட்டும் உள்ளே இருந்தது. இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. தலை உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறும்.

மட்டு மச்சான்
மணலுக்கு ஒரு தென்னங்குற்றியைத் தறித்துப் போட்டால் போதும். எங்கள் அப்பா லொறிக்கு அப்படித்தான் செய்தவர்.

மரக்காலைத் தம்பி
தென்னங்குற்றி கூடாது அண்ணே. வெளிச்சுற்றுத்தான் வைரம், நடு வெறும் சோறு. பாரம் நடுவில் இறங்கினால் அமுங்கும், வெடிக்கும். உருண்டைக் குற்றி உருளவும் பார்க்கும். பாலை, முதிரை மாதிரித் தட்டையான கனத்த பலகை, 2 அங்குலத்துக்குக் குறையாமல், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி.

மட்டு மச்சான்
முதிரைப் பலகைக்கு இன்றைக்கு யாரிடம் காசு இருக்கிறது? உங்களுக்கு மரக்காலை இருக்கிறது, எங்களுக்குத் தென்னந்தோட்டம் இருக்கிறது. அப்பா அந்தக் குற்றியில் எத்தனை லொறி தூக்கினார் என்று எனக்குத் தெரியும்.

மரக்காலைத் தம்பி
விற்கிறதற்காகச் சொல்லவில்லை அண்ணே. பழைய கதவு நிலைத் துண்டு, ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைத் துண்டு எது கிடைத்தாலும் நல்லது. தென்னையை மட்டும் ஒருவருடைய உயிருக்கு அடியில் வைக்காதீர்கள் என்கிறேன்.

பழைய மெக்கானிக்
மரத்தை விடுங்கள். ஒருவரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தூக்கினால் சூவை மூடியிருக்கும் டிரம் கழராது, சூ டிரம்மை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். கழற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். விட்டால் வாகனத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளை மட்டும் பிடிப்பது. முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை இறுக்கிய பிறகுதான் ஜெக்கைத் தொட வேண்டும்.

மட்டு மச்சான்
கியரில் போட்டுவிட்டால் நிற்கும்தானே?

பழைய மெக்கானிக்
நிற்காது. ஒரு பின் சில்லு காற்றில் நின்றால், இரண்டு சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிப்ரென்ஷியல் அந்தச் சில்லைச் சுற்றவிடும், நிலத்தில் இருக்கும் மற்றது தாராளமாக உருளும். கியர் கைகொடுக்காது. 4 சில்லு ஓட்டத்தில் போட்டு முன் சில்லுகளின் நடுவில் இருக்கும் ஹப்பையும் பூட்டினால் கொஞ்சம் பிடிக்கும், அப்போதும் கட்டைதான் காவல்.
டிரம் இறுகியிருந்தால் சுத்தியலால் அடித்து வாகனத்தை ஆட்டாதீர்கள். டிரம்மின் முகத்தில் இரண்டு மரைத் துளை இருக்கும், 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் தானே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும்.

வாழைச்சேனை டீச்சர்
இவ்வளவும் தெரிந்த நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே.

பழைய மெக்கானிக்
கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் தங்கச்சி.

லீப் ஸ்பிரிங்
தம்பி, ஜெக்கை நம்பி உள்ளே போகாதீர்கள். சீல் கசிந்தால் போத்தல் ஜெக் மெல்ல இறங்கும், வால்வு விட்டால் ஒரேயடியாக இறங்கும். சில்லு எழும்பியதும் அக்சிலுக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்டாண்ட் வைத்து, ஜெக்கைத் தளர்த்திப் பாரத்தை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஸ்டாண்டுக்கு அடியிலும் பலகை வேண்டும், அதன் கால்களும் மணலில் புதையும். கழற்றிய சில்லை சேஸிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். மறுகா வாகனத்தை இடுப்பால் தள்ளிப் பாருங்கள், ஆடினால் திரும்ப இறக்கி முதலில் இருந்து தொடங்குங்கள்.

களுதாவளையான்
நெல்லை இறக்கிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சீமெந்துத் தரைக்குக் கொண்டுபோய் அக்சிலில் வைத்தேன், ஜெக்கை எட்டுத் தரம் அடித்ததும் எழும்பிற்று. இடது பக்கம் சூ முடிந்தது. எல்லாருக்கும் நன்றி. வலது பக்கம் பின்னேரம்.

பழைய மெக்கானிக்
ஸ்டாண்ட் வைத்தீரா?

கல்முனை நானா
தம்பி, ஸ்டாண்ட் வைத்தீர்களா?

லீப் ஸ்பிரிங்
இல்லை என்றால் வலது பக்கத்தைத் தொட வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கிறது, களுவாஞ்சிக்குடிக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், இரவு 8 மணிவரை வீட்டில் நிற்பேன்.