எஃப்டி-101இ: 260 வாட் தருமா, தராதா?

ஜாலஹள்ளி_வால்வு:
ஹாம் (அமெச்சூர்) ரேடியோப் பெட்டிகளை, அதாவது ரிக்குகளைப் பற்றி இன்னொரு இழையில் எச்எஸ்ஆர்_சிக்னல் எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவர் எழுதியது இதுதான்: "யாயேசு எஃப்டி-101இ மாதிரி வால்வு ரிக் எல்லாம் பழைய இரும்பு. நூறு வாட்டைத் தாண்டாது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் அதில் காசைப் போடாதீர்கள்."

எது ஐயா பழைய இரும்பு? அந்த ரிக் என் மேஜையில் இன்றைக்கும் ஓடுகிறது. 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் (அலைவரிசைகள்) எல்லாம் ஒரே பெட்டிக்குள். பவர் சப்ளையும் உள்ளேயே, ஸ்பீக்கரும் உள்ளேயே. கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், அதற்கான கன்வெர்ட்டரையும் உள்ளே வைத்துத்தான் கொடுத்தார்கள். பவரைப் பற்றி மேனுவலில் அச்சடித்தே இருக்கிறது: எஸ்எஸ்பி பேச்சுக்கு 260 வாட், சிடபிள்யூவுக்கு (மோர்ஸ்) 180, ஏஎம் பேச்சுக்கு 80. 260 என்ன, நூறுக்குக் கீழேயா வருகிறது? பதில் சொல்லட்டும்.

எச்எஸ்ஆர்_சிக்னல்:
சார், வணக்கம். அந்த 260 இன்புட் பவர், கடைசி வால்வுகளுக்குள் போவது. ப்ளேட் வோல்டேஜையும் ப்ளேட் கரண்டையும் பெருக்கி வந்த கணக்கு. ஆன்டெனாவுக்குப் போவது அது இல்லை. பாதி உஷ்ணமாகப் போய்விடும். மேனுவலில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்புட் என்று போட்டிருக்கிறதே, அதை மட்டும் ஏன் படிக்காமல் விட்டீர்கள்?

ஜாலஹள்ளி_வால்வு:
எனக்கு மேனுவல் படிக்கச் சொல்லித் தருகிறீர்களா? நீங்கள் அந்த ரிக்கை ஒரு தடவையாவது ட்யூன் செய்ததுண்டா? வால்வைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டு ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்ட், 60 மில்லி ஆம்பியரில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ப்ரீசெலக்டரைத் திருப்பி உச்சம் பிடிக்க வேண்டும். கேரியரைக் கொஞ்சம் ஏற்றி, ப்ளேட் குமிழைத் திருப்பும்போது வால்வு கரண்டைக் காட்டும் ஐசி மீட்டரின் முள் சட்டென்று கீழே விழும் பாருங்கள், அதுதான் டிப். அங்கே நிறுத்தி, லோடிங்கைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி டிப். எல்லாம் பத்து விநாடிக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் வால்வின் ப்ளேட் சிவந்துவிடும். இதையெல்லாம் கையால் செய்தவனுக்குத் தெரியும் அந்த ரிக் என்ன தரும் என்று. பட்டனை அமுக்கினால் ஆட்டோ ட்யூனர் கடகடவென்று சத்தம் போட்டு முடித்துவிடும் பெட்டியில் பேசுகிறவருக்கு எப்படித் தெரியும்?

260 தான். யாயேசுக்காரன் பொய் சொல்ல மாட்டான்.

அல்சூர்_டைபோல்:
ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியும் இன்புட்டைத்தான் போட்டார்கள். அமெரிக்காவில் அமெச்சூர் பவர் வரம்பே 1983 வரைக்கும் டிசி இன்புட் 1000 வாட் என்ற கணக்கில்தான் இருந்தது, அதன் பிறகுதான் 1500 வாட் பிஇபி (உச்ச பவர்) அவுட்புட் என்று மாற்றினார்கள். ஆகவே மேனுவலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆன்டெனாவுக்கு 120, 130 வந்தாலே நல்ல ஃபைனல்ஸ் (கடைசிக் கட்ட பவர் வால்வுகள்) என்று அர்த்தம். 10 மீட்டரில் இன்னும் குறையும்.

இன்னொன்று. 260க்கும் 130க்கும் வித்தியாசம் 3 டிபி (டெசிபெல்). சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் யூனிட் 6 டிபி. அப்படியானால் அந்தப் பக்கம் கேட்கிறவருக்கு அரை எஸ் யூனிட். இதற்கா இத்தனை சண்டை?

ஜாலஹள்ளி_வால்வு:
அல்சூர் தம்பி, டிபி கணக்கு எனக்கும் தெரியும். கேள்வி டிபி இல்லை. நூறு தாண்டாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீங்களே 120, 130 என்கிறீர்கள். அப்படியானால் அவர் சொன்னது தப்பு. அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை?

எச்எஸ்ஆர்_சிக்னல்:
நானும் அதையே கேட்கிறேன். 260 என்று எழுதியவர் யார்? 130 என்றால் அதில் பாதி. பாதியை முழுசு என்று சொல்வது மட்டும் சரியா?

பேர்ட் 43 வாட்மீட்டர், ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடு, ஒரு ஃபோட்டோ. அவ்வளவுதான் கேட்கிறேன். முள் 260இல் நிற்கட்டும், நான் இந்தக் குழுவை விட்டே போகிறேன்.

ஜாலஹள்ளி_வால்வு:
டம்மி லோடா? நல்ல ஆளாகத்தான் கேட்கிறீர்கள். வெளியிடத்தில் ரிக் போடும் ஃபீல்ட் டேக்கு என்னுடைய டம்மி லோடை வாங்கிப் போய், உள்ளே ரெசிஸ்டரைக் கருக்கித் திருப்பிக் கொடுத்தது யார் என்று இங்கே சொல்லவா? "லேசாக வாசனை வந்தது சார்" என்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?

எச்எஸ்ஆர்_சிக்னல்:
என் ரிக் 100 வாட். அந்த லோடுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு அப்புறம் அதில் யார் சிடபிள்யூ கீயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று மல்லேஸ்வரம் அண்ணாவையே கேளுங்கள்.

மல்லேஸ்வரம்_மோர்ஸ்:
என்னை இழுக்காதீர்கள். நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

ஆனால் விஷயத்துக்கு வருகிறேன். 101இ வாங்குகிறவன் பவரைப் பார்க்கக் கூடாது, ஃபைனல்ஸைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ரெண்டு 6ஜேஎஸ்6சி. டிவி பெட்டியின் ஹரிசான்டல் அவுட்புட்டுக்காகச் செய்த வால்வு அது. ட்ரான்ஸ்மிட்டருக்காகப் பிறந்தது இல்லை. இன்றைக்கு அதை யாரும் தயாரிப்பதும் இல்லை. ஜோடி கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். என்இசி வால்வைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி வால்வைச் செருகினால் நியூட்ரலைசேஷன் என்ற சரிக்கட்டலைத் திரும்பச் செய்ய வேண்டும், இல்லையென்றால் 10 மீட்டரில் தானாகவே ஆசிலேட் ஆகும், அதாவது தானே சிக்னல் கிளப்பும். அதனால்தான் நான் யாயேசுவின் 101இசட்டி வைத்திருக்கிறேன். அதன் ஃபைனல்ஸ் 6146பி. அது ட்ரான்ஸ்மிட்டருக்கென்றே செய்த வால்வு. ரிக்கில் டிஜிட்டல் டிஸ்ப்ளேயும் உண்டு.

ஜாலஹள்ளி_வால்வு:
உங்கள் இசட்டி மேனுவலில் 180 தானே போட்டிருக்கிறான்? இ மாடலுக்கு 260. அப்புறம் எதற்கு இங்கே இசட்டி?

மல்லேஸ்வரம்_மோர்ஸ்:
அது டிசி இன்புட், இது பிஇபி இன்புட். ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது சார்.

ஜாலஹள்ளி_வால்வு:
180, 260. இதில் எது பெரிது என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். விளக்கம் வேண்டாம்.

விவேக்நகர்_புதுசு:
எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போன மாதம்தான் ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் வந்தது. ஒருவர் எஃப்டி-101இ விற்கிறார், பார்க்கப் போகிறேன். அதில் எனக்கு எச்எஃப்பில் (சிற்றலையில்) 50 வாட்தான் வரம்பு. இதில் அவ்வளவு குறைக்க முடியுமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எச்எஸ்ஆர்_சிக்னல்:
பார்த்தீர்களா? புதிதாக வரும் ஒரு பையன் 260 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பயந்து நிற்கிறான். இதற்குத்தான் சொன்னேன். தம்பி, அதை விட்டுவிடு. கொஞ்சம் காசு சேர்த்து ஐகாம் ஐசி-7300 வாங்கு. 2016இல் வந்த ரிக். வாட்டர்ஃபால் திரையில் பேண்ட் முழுவதையும் கண்ணால் பார்க்கலாம். மெனுவில் 50 என்று வைத்தால் 50இலேயே நிற்கும். 30, 17, 12 மீட்டரும் உண்டு. 101இயில் அந்த பேண்ட் எதிலும் ட்ரான்ஸ்மிட் செய்ய முடியாது, ஏனென்றால் 1979 உலக ரேடியோ மாநாட்டில்தான் அவற்றை ஹாம்களுக்கு ஒதுக்கினார்கள், அந்த ரிக் அதற்கு முன்பே வந்துவிட்டது. 30 மீட்டர் இருக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் இதில் இருக்கிறதே என்று விற்கிறவர் சொல்வார். அது டைம் சிக்னல் கேட்பதற்கு மட்டும்தான்.

ஜாலஹள்ளி_வால்வு:
படிக்கிற பையனை ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் செலவழிக்கச் சொல்கிறீர்கள். ஆண்டவா. புதுசு தம்பி, நான் சொல்வதைக் கேள். கேரியரையும் மைக் கெயினையும் குறைத்தால் 50 என்ன, 20இலும் பேசலாம். அந்த ரிக்கில் போர்டுகள் எல்லாம் செருகி எடுப்பவை. ஒவ்வொன்றாக உருவி, விளிம்பில் இருக்கும் தொடு முனைகளைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துச் செருகினாலே பாதி நோய் போய்விடும். மீதிப் பாதி உப்பிப்போன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். பெங்களூர் எஸ்பி ரோட்டுக் கடைகளில் ஒரு மணி நேரம் சுற்றினால் அத்தனையும் வாங்கிவிடலாம். சால்டரிங் அயர்னைக் கையில் பிடிக்கிறவனுக்கு அந்த ரிக் வாழ்நாள் முழுக்க வேலை செய்யும். உங்கள் 7300இல் டிஸ்ப்ளே போனால் என்ன செய்வீர்கள்? பார்சல் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருப்பீர்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. உள்ளே 600 வோல்ட் இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் நிற்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் கையை வைக்காதே. முதல் தடவை திறக்கும்போது பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

260 வாட் ரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு 50இல் ஓட்டினால் ஃபைனல்ஸ் காலத்துக்கும் உழைக்கும்.

எச்எஸ்ஆர்_சிக்னல்:
மறுபடியும் 260. கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் எஃப்டி8 முறையை ஓட்டிப் பாருங்கள், தெரியும். 15 விநாடியில் 12.64 விநாடி தொடர்ந்து ட்ரான்ஸ்மிட். ஒரு 6ஜேஎஸ்6சியின் ப்ளேட் தாங்குவது 30 வாட் சூடு. ரெண்டுக்கும் சேர்த்து 60. உங்கள் 260ஐ அதில் கொடுத்தால் மிச்சச் சூடு எங்கே போகும்?

ஜாலஹள்ளி_வால்வு:
எஃப்டி8 அமெச்சூர் ரேடியோவா? கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன, நடுவில் நீங்கள் காபி குடிக்கிறீர்கள். ஒரு குரல் உண்டா, ஒரு ஊர்ப் பேச்சு உண்டா? 2004 டிசம்பரில் அந்தமானில் இருந்த நம் ஹாம்கள் சுனாமிக்குப் பிறகு செய்திகளைக் கடத்தினார்களே, வாயால் பேசித்தான் கடத்தினார்கள்.

அல்சூர்_டைபோல்:
எஃப்டி8 வந்ததே 2017இல். 2004இல் அதை யார் ஓட்ட முடியும்? சுனாமியை இதில் இழுக்காதீர்கள்.

நம் ஊரில் பிரச்சினை ரிக்கே இல்லை. இரவு 40 மீட்டரில் எனக்கு இரைச்சல் மட்டும் எஸ்9. பக்கத்து வீட்டு எல்இடி, மாடியில் சோலார் இன்வெர்ட்டர், கீழே ஸ்கூட்டர் சார்ஜர். 10 மீட்டர் நீளத்தில் ரெண்டு கம்பி, தண்ணீர்த் தொட்டி மேலிருந்து இன்வர்ட்டட் வீயாக (தலைகீழ் V வடிவ ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். அதற்கே எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி இடி விழும் என்று நோட்டீஸ் ஒட்டினார். கேட்கவே முடியாத இடத்தில் 260 இருந்தால் என்ன, 26 இருந்தால் என்ன? புதுசு தம்பி முதலில் ஆன்டெனாவுக்கு இடம் பார்க்கட்டும்.

கோரமங்களா_கிட்:
26 கூட வேண்டாம். ஹைதராபாத்காரரான ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் கிட் ரிக் பத்து வாட்தான். அதில் நான் 20 மீட்டரில் ஐரோப்பா பேசியிருக்கிறேன். சொந்தமாகக் கட்டிப் படிக்காமல், எவனோ ஜப்பானில் கட்டிய வால்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு பெருமை பேசுவதில் என்ன இருக்கிறது?

ஜாலஹள்ளி_வால்வு:
எவனோ கட்டிய பெட்டியா? கோரமங்களா, நீங்கள் வாங்கியதும் சால்டர் செய்த போர்டுதானே? பெட்டியில் வைத்து வயரைச் செருகினீர்கள். அதைக் கட்டினேன் என்கிறீர்கள். இந்த ஊரில் ஜாலஹள்ளியில் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலையில் வால்வே செய்தார்கள். கண்ணாடிக் குழாய், ஃபிலமென்ட், வாக்குவம் எல்லாம் இங்கேயே. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு வால்வைப் பழைய இரும்பு என்று சொல்ல உங்களுக்கெல்லாம் எப்படி மனம் வருகிறது?

எச்எஸ்ஆர்_சிக்னல்:
பிஇஎல் செய்ததை யார் குறை சொன்னார்கள்? ஃபோட்டோ கேட்டேன். இன்னும் வரவில்லை.

ஜாலஹள்ளி_வால்வு:
ஃபோட்டோ போட்டிருக்கிறேன். மேனுவலின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கம். 260ஐ பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

எச்எஸ்ஆர்_சிக்னல்:
வட்டத்துக்கு வெளியே இன்புட் என்ற சொல் தெரிகிறது சார். அதையும் சேர்த்து வட்டம் போட்டிருக்கலாம். நான் கேட்டது வாட்மீட்டர் ஃபோட்டோ.

ஜாலஹள்ளி_வால்வு:
பேர்ட் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். பேச்சின் உச்சம் அதில் தெரியாது. இ மாடலில் குரலைக் கனமாக்கும் ஆர்எஃப் ஸ்பீச் ப்ராசஸரும் இருக்கிறது, அது தெரியுமா உங்களுக்கு? அதைப் போட்டுப் பேசினால் அந்தப் பக்கம் எவ்வளவு கனமாகக் கேட்கும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கேளுங்கள்.

மல்லேஸ்வரம்_மோர்ஸ்:
ஞாயிற்றுக்கிழமை காலை 7 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டரில்) உங்களைத் தவிர வேறு யாரும் பேச முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மைக்கை விட்டால்தானே மற்றவர் "ப்ரேக்" என்று குறுக்கே வர இடம் கேட்க முடியும்? நான் சொன்னால் மட்டும் காதில் விழாது.

ஜாலஹள்ளி_வால்வு:
உங்கள் சிக்னல் கேட்டால்தானே பதில் சொல்வேன். 180 வாட் இசட்டி.

விவேக்நகர்_புதுசு:
ரிக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். மெயின்ஸ் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர் டேப் 220இல் இருக்கிறது. வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 238 காட்டுகிறது. அப்படியே போடலாமா?

ஜாலஹள்ளி_வால்வு:
போடாதே. 234 டேப்புக்கு மாற்று. 220இல் விட்டால் ஹீட்டர் வோல்டேஜ் ஏறி வால்வு சீக்கிரம் போய்விடும்.

மல்லேஸ்வரம்_மோர்ஸ்:
234க்கு மாற்றினால், சாயங்காலம் வோல்டேஜ் 205க்கு இறங்கும்போது ஹீட்டருக்குச் சூடு போதாது. விவேக் நகர்ப் பக்கம் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். 220இலேயே இருக்கட்டும், ஒரு ஸ்டெபிலைசர் போதும்.

ஜாலஹள்ளி_வால்வு:
ஸ்டெபிலைசரா? அதன் ரிலே ஒவ்வொரு தடவை தட்டும்போதும் ரிசீவரில் என்ன சத்தம் வரும் தெரியுமா? டேப்பை மாற்ற அரை மணி வேலை. ஒரு சால்டரிங் அயர்னுக்குப் பயந்து பையனுக்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறீர்களே.

எச்எஸ்ஆர்_சிக்னல்:
220 டேப்பில் 238 கொடுத்தால் ப்ளேட் வோல்டேஜும் கூடும். ஒருவேளை அப்படித்தான் உங்களுக்கு 260 வந்ததோ?

மல்லேஸ்வரம்_மோர்ஸ்:
சாயங்காலம் ஏழு மணிக்கு விவேக் நகரில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் சார். ஜாலஹள்ளி வோல்டேஜ் வேறு.