க்ராய்ட்சர் சொனாட்டாவின் தொடக்கம்: வாசித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான் வயலின். பியானோ வாசிக்கும் தோழியோடு பேத்தோவனின் க்ராய்ட்சர் சொனாட்டாவை (ஓபஸ் 47) பழகிக்கொண்டிருக்கிறேன். பல வருட ஆசை.

முதல் நான்கு பார் (தாளக் கட்டம்) வயலின் மட்டும்தான், பியானோ காத்திருக்கும். எடுத்ததுமே நான்கு தந்திகளிலும் விழும் கார்ட் (சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக்கூட்டு). கீழ்த் தந்திகளிலிருந்து மேலே வில்லைச் சாய்க்கும்போது நடுவில் ஒரு கரகரப்பு வந்துவிடுகிறது. மெதுவாகச் சாய்த்தால் கார்ட் இரண்டாக உடைந்து கேட்கிறது. முழங்கையை முன்கூட்டியே இறக்க வேண்டுமா? வில்லின் எந்த இடத்தில் தொடங்குகிறீர்கள்?

அப்புறம் அந்த பிரெஸ்டோ, அதாவது மிக வேகமான பகுதி. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் வலது தோள் இறுகிவிடுகிறது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) எந்த வேகத்தில் வைத்துத் தொடங்கினீர்கள், எப்படிக் கூட்டினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

1803இல் வியன்னாவில் இதை முதலில் வாசித்த வயலின் கலைஞர் பிரிட்ஜ்டவர், இரண்டாம் பகுதியைப் பேத்தோவனின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே வாசித்தார். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. எனக்கு முதல் நான்கு பார் சுத்தமாக வந்தால் போதும், இப்போதைக்கு.

விரல் குறிப்புகளோடு நல்ல பதிப்பு எது என்றும் சொல்லுங்கள். நன்றி.