ஃபீல்ட் டிரெஸ்ஸிங்: ரத்தம் ஊறினா அவிழ்க்கிறதா, மேல வைக்கிறதா?

படுவான்கரை மாணவி
வணக்கம் அண்ணாக்கள், அக்காக்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் நடக்கிற முதலுதவி வகுப்புக்கு ஆமிக்காரர் பாவிக்கிற மாதிரி ஃபீல்ட் டிரெஸ்ஸிங் (காயத்துக்குப் போடுற கட்டு) வந்திருக்கு. நடுவில பஞ்சுத் திண்டு, ரெண்டு பக்கமும் நீளமான வால். முன்னங்கையில கட்டிப் பழகேக்க ஒண்டில் முடிச்சு நழுவுது, இல்லாட்டி விரல் குளிருது. ரத்தம் ஊறினா அவிழ்க்கிறதா, மேல இன்னொண்டு வைக்கிறதா?

கல்லடி
தங்கச்சி, உறையைப் பிரிக்கிறதிலயே கவனம் வேணும். ரெண்டு வாலையும் ரெண்டு கையால பிடிச்சு இழுங்க, திண்டு தானா விரியும். காயத்தில படுற பக்கத்தைத் தொடாதீங்க. வைச்சு அமத்திக்கொண்டு, ஒரு வாலைச் சுத்தி ஒரு ஓரத்தை மூடுங்க. மற்ற வாலை எதிர்ப்பக்கமாச் சுத்தி மற்ற ஓரத்தை. ஓரம் திறந்து கிடந்தா வயல் சேறு உள்ளுக்குப் போயிரும். முடிச்சு திண்டின் வெளி ஓரத்தில. முதல்ல வலது வால் இடதுக்கு மேல, பிறகு இடது வால் வலதுக்கு மேல. ரெண்டு தரமும் ஒரே பக்கமாப் போட்டாத்தான் நழுவும். கடைசியா கட்டின கையின் நகத்தை அமத்தி விடுங்க. வெளுத்தது 2 செக்கனுக்குள்ள சிவக்காட்டி இளக்கிக் கட்டுங்க.

அக்கரைப்பற்று
ஊறினா முதல் திண்டை எடுக்க வேணாம். உறையத் தொடங்கின ரத்தம் அதோட ஒட்டிக் கழண்டு வரும். உள்ளங்கையால 5 முதல் 10 நிமிசம் விடாம அமத்துங்க. இடையில தூக்கிப் பார்க்கக் கூடாது. பிறகும் ஊறினா துணியைத் தடிப்பா மடிச்சு திண்டுக்கு மேல வைச்சு, அகலத் துணியால இறுக்குங்க. இந்தத் தரம் முடிச்சு காயத்துக்கு நேர் மேல வரணும், அதுக்குக் கீழ விரல் நுனி நுழையணும்.

அதுவும் ஊறிட்டா மூண்டாவதை அடுக்காதீங்க. அடுக்கு கூடக்கூட அமத்தம் பரவிப் போகும், ரத்தம் வாற புள்ளியில விழாது. ரெண்டையும் எடுத்துட்டு, அந்தப் புள்ளியைக் கண்டு புதுசா அமத்துங்க.

வாகரை
மேல சொன்னது சாதாரண ஒழுக்குக்கு. கை காலில ரத்தம் பீச்சினா 10 நிமிசம் காத்திருக்காதீங்க, டோர்னிக்கெட்தான் (ரத்தத்தை நிப்பாட்ட முறுக்கி இறுக்குற பட்டி). காயத்துக்கு 5–7 செ.மீ. மேல, உடம்புப் பக்கமா, மூட்டில இல்லாம, ரத்தம் நிக்கும் வரை முறுக்கி, நேரத்தை எழுதுங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் இளக்காதீங்க. கட்டேக்கயே இன்னொராள் அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடிக்கட்டும். கவட்டுக்கும் அக்குளுக்கும் டோர்னிக்கெட் போடேலாது. கோஸ் துணியைக் காயத்துக்குள்ள ஆழமாத் திணிச்சு அமத்துங்க.

கல்லடி
இன்னொண்டு: பெட்டியில இருக்கிற உறைகளைத் தடவிப் பாருங்க. ஓட்டை விழுந்தது, ஈரம் பட்டது எல்லாம் பழகுறதுக்கு மட்டும்.