ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 11 மெகாபைட்தான் வருகிறது – உதவி தேவை

ஏற்காட்டிலிருந்து கேள்வி:
வணக்கம். இங்குள்ள ஒரு காபித் தோட்ட அலுவலகத்தின் கணினிகளை நான் கவனித்து வருகிறேன். அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சர்வரும், அறுபது மீட்டர் தள்ளியுள்ள கிடங்கில் பேக்கப் சர்வர் ஒன்றும் உள்ளன. முன்பு ஏழெட்டு நிமிடங்களில் போய்ச் சேர்ந்த 40 ஜிகாபைட் கோப்புகளுக்கு, மழை தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கிறது. நெட்வொர்க் கார்டுகள், ஸ்விட்ச் எல்லாமே ஜிகாபிட் வகைதான். கிடங்கு சர்வருக்குப் புதிய ஹார்டு டிஸ்க் வாங்கிவிடலாமா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பதில்:
அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள் ஐயா. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற நிரல், டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே தரவை அனுப்புவதால், குறை நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இரு திசைகளிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:
போகவும் வரவும் வினாடிக்கு 94 மெகாபிட்தான் காட்டுகிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
அப்படியானால் டிஸ்க் மீது பழியில்லை. 100 மெகாபிட் இணைப்பு ஒன்று முழு நலத்துடன் ஓடினால் கிடைக்கும் அளவே இந்த 94; எட்டால் வகுத்தால் நீங்கள் சொன்ன 11 மெகாபைட் வந்துவிடும். டூப்ளெக்ஸ், அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யலாமா என்ற அமைப்பு, இரு முனைகளிலும் பொருந்தாமல் இருந்தால் பெரும்பாலும் ஒரு திசை மட்டும் படுத்துவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிக் கம்பிகளே போதும். ஜிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று தொடர்பற்றுப் போனாலும், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில் வேகத்தைப் பார்த்துவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். வேகத்தைக் கையால் 1000 என்று பூட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அறுந்த கம்பி அதனால் ஒட்டிக்கொள்ளாது.

ஏற்காட்டிலிருந்து:
கிடங்கு சர்வரில் 100 என்றே இருந்தது. அந்த முனையைக் கழற்றிப் பார்த்தபோது, பழுப்புக் கம்பிகள் சேரும் ஓரத்துப் பற்கள் இரண்டிலும் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பக்கத்திலேயே இருக்கும் ஜன்னல் வழியாகத்தான் பனிமூட்டம் உள்ளே வருகிறது. ஒரு சாண் கேபிளை வெட்டிவிட்டுப் புதிய ஆர்ஜே-45 முனையைக் கிரிம்ப் செய்தேன். இப்போது 941 மெகாபிட். ஆனால் சிறுசிறு ரசீதுக் கோப்புகள் நிறைந்த ஒரு கோப்புறை மட்டும் இன்னும் ஆமை வேகத்தில் நகர்கிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் நேரம் அது. டார் என்ற கட்டளையைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி அனுப்புங்கள். சர்வரின் போர்ட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கும் களிம்பு இருந்தால் அடுத்த மழைக்குள் இதே 94 திரும்பி வரும்.