ரெட்வுட் மரத்தின் கொண்டை காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் எங்கள் வீட்டுப் பின்புறம் இரண்டு ரெட்வுட் மரங்கள் நிற்கின்றன. 2 வருடம் முன்பு தண்ணீரை மிச்சப்படுத்தலாம் என்று புல்தரையை எடுத்துவிட்டுச் சரளைக்கல் கொட்டினோம். இந்தக் கோடையில் பெரிய மரத்தின் கொண்டை பழுப்பாகிவிட்டது. தூரைச் சுற்றித் தினமும் பத்து நிமிடம் தண்ணீர் விடுகிறேன், பலனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டச் சொல்கிறார். மகள் பள்ளிவிட்டு வந்ததும் அந்த மெத்தென்ற பட்டையில் கன்னம் வைத்து நிற்பாள். வெட்ட மனசு வரவில்லை.

பதில் 1:
வெட்டாதீர்கள். நானும் இதே சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் 11 வருடமாக ஒன்றை வளர்க்கிறேன்.

இது கடலோரத்து மரம். கலிபோர்னியாவின் பிக் சர் பக்கம் தொடங்கி வடக்கே ஓரிகான் மாநிலத்தின் தென்கோடி வரை, கடலை ஒட்டிய ஒடுங்கிய நிலத்தில்தான் தானாக வளரும். அங்கேயும் கோடையில் மழை பெரிதாகக் கிடையாது, மூடுபனிதான் காப்பாற்றுகிறது. பனி இலையில் படிந்து தரையில் சொட்டும். இலையே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். நம் பக்கம் கோடையில் 40 டிகிரி, பனிக்கு எங்கே போவது? புல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரைத்தான் மரம் இத்தனை நாள் குடித்திருக்கிறது. அது நின்றதும், தண்ணீர் ஏறச் சிரமமான உச்சிதான் முதலில் காயும்.

வேர் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் ஆழம் போவதில்லை. ஆனால் பெரிய மரத்துக்குப் பக்கவாட்டில் 25, 30 மீட்டர்கூட ஓடும். அதனால் தூரில் ஊற்றிப் பயனில்லை. துளை போட்ட குழாயைக் கிளை விளிம்பை ஒட்டி வட்டமாகச் சுற்றி, மெதுவாகக் கசிய விடுங்கள். மறுநாள் நீளமான கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரு முழம் சுலபமாக இறங்கினால் சரி, இல்லையென்றால் இன்னும் விடுங்கள்.

அப்புறம் அந்தக் கல்லை அள்ளிவிடுங்கள், வெயிலில் அடுப்பு மாதிரி சுடும். மரம் உதிர்க்கும் இலையைப் பெருக்கி எறியாமல் நான்கு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். தூரை ஒட்டி மட்டும் குவிக்க வேண்டாம்.

பதில் 2:
உள்பக்கத்துப் பழைய இலைகள் இலையுதிர் காலத்தில் சிறு குச்சியோடு பழுத்து விழுவது இயல்பு, பயப்படாதீர்கள். இலை நுனி மட்டும் கருகினால் தண்ணீரில் உப்போ போரான் என்ற தனிமமோ அதிகமா என்று பாருங்கள். வீட்டில் உப்பு போட்டு மென்னீராக்கும் கருவி இருந்தால் அந்தத் தண்ணீரை விடவே கூடாது.

கேட்டவர்:
நன்றி. கல்லை விலக்கி ஒரு முழம் தோண்டினேன். மேலே இரண்டு விரல் ஈரம், கீழே வெறும் புழுதி. தினமும் தண்ணீர் விட்டும் இப்படி! இன்னொன்று, தூரிலிருந்து ஏழெட்டுத் தளிர் கிளம்பியிருக்கிறது. கிள்ளிவிடலாமா?

பதில் 1:
இப்போதைக்கு விடுங்கள். வெட்டினாலும் எரிந்தாலும் தூரிலிருந்து துளிர்ப்பது இந்த மரத்தின் குணம். வேர் உயிரோடுதான் இருக்கிறது. காய்ந்த கொண்டை மறுபடி பச்சையாகாது, ஆனால் அதற்குக் கீழே புது நுனி கிளம்பலாம். அடுத்த வசந்தத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.