நிலைக்கும் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

கேள்வி (உப்புவெளி):
ஞாயிறு ஆராதனையில் நிறைகின்ற மனம், திங்கட்கிழமை மீன் விலையும் பிள்ளைகளின் ரியூசன் கட்டணமும் நினைவுக்கு வந்தவுடன் வற்றிப்போகிறது. கிறிஸ்துவுக்குள் நிலைக்கும் மகிழ்ச்சியை எவ்வாறு கண்டடைவது?

மறுமொழி (திருகோணமலை நகர்):
சகோதரரே, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதியபோது பவுல் சிறையில் கட்டுண்டிருந்தார். ஆகவே அவருடைய சந்தோஷம் சூழ்நிலையிலிருந்து அல்ல, உயிர்த்தெழுந்தவர்மேல் வைத்த நம்பிக்கையிலிருந்தே ஊறியது. அந்த நிருபத்தின் அதே 4ஆம் அதிகாரத்தில், விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்வதையும் சேர்த்து வாசியுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி (மூதூர்):
தம்பி, 2004 சுனாமியில் உறவுகளை இழந்த பெண்கள் அழுதுகொண்டே செபமாலை சொன்னதைக் கண்டவள் நான். கண்ணீர் வந்தால் விசுவாசம் இல்லையென்று எண்ண வேண்டாம். சீடர்களின் துக்கம் மகிழ்ச்சியாக மாறும் என்றும், அதை ஒருவரும் பறிக்க முடியாது என்றும் யோவான் 16ஆம் அதிகாரத்தில் இயேசுவே வாக்களித்தார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, இன்றிரவு பிள்ளைகளோடு இரண்டு அதிகாரங்களையும் வாசிக்கிறேன்.